கடலைத் தேடி காத்தோங்கில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "கடல் எந்தப் பக்கம்?"

காரணம் இருக்கிறது. அம்மா பிறந்து வளர்ந்தது காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினத்தில். காற்று மாறினால் மீன் வரத்து எப்படி இருக்கும் என்று வீட்டுக்குள் உட்கார்ந்தே சொல்கிற ஆள். அக்கா மூன்று வருடமாக ஃபோனில் "நாங்க கடலோரத்துலதான் இருக்கோம்மா" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்மா பாஸ்போர்ட்டே எடுத்தார்.

அக்கா வீடு காத்தோங் வட்டாரத்தில், மரின் பரேடில் ஒரு அடுக்குமாடியில், நான்காவது மாடி. சன்னலைத் திறந்தால் எதிர் புளோக். அந்த புளோக்கில் கம்பு நீட்டிக் காயப்போட்ட துணி. அம்மா இந்தச் சன்னலைப் பார்த்தார், அந்தச் சன்னலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்தார். அது நல்ல அறிகுறி இல்லை என்பது எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

சாயங்காலம் எல்லோருமாக நடக்கக் கிளம்பினோம். அத்தான் முன்னால், அம்மா அவருக்குப் பக்கத்தில், பின்னால் நாங்கள். சாலையின் பெயர் மரின் பரேட் ரோடு. அதற்கு உள்பக்கம் ஓடுகிற பெரிய சாலை ஈஸ்ட் கோஸ்ட் ரோடு. போர்டெல்லாம் கடல், கடலைத்தான் காணோம். "என்ன மாப்பிள்ளை, பேருல மட்டும் வச்சிருக்கீங்க?" என்று அம்மா கேட்டே விட்டார்.

அத்தான் நின்று, காலடியைக் காட்டினார். "நீங்க இப்ப நிக்கறதே கடல்லதான் அத்தை."

அம்மா அனிச்சையாக ஒரு காலைத் தூக்கினார். என் மகன் சிரித்துவிட்டான்.

விஷயம் இதுதான். 1966-இல் ஆரம்பித்து இருபது வருடம், பகுதி பகுதியாக இந்தக் கிழக்குக் கரையில் கடலை மண் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். மொத்தம் 1,525 ஹெக்டேர். பிடோக், தெம்பனிஸ் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார்களாம். நிரப்பிய நிலத்தில் 1970-களில் எழும்பியதுதான் மரின் பரேட் குடியிருப்பு. அக்கா வீடு, கீழே இருக்கிற ஈரச்சந்தை, எதிரே பேருந்து நிறுத்தம் எல்லாமே ஒரு காலத்தில் தண்ணீர். பழைய கரை ஏறக்குறைய மரின் பரேட் ரோட்டை ஒட்டித்தான் இருந்தது. ஆக, காத்தோங் முழுக்கவே கடலை நிரப்பிக் கட்டிய ஊர் போலிருக்கிறது.

அம்மா தூங்கப் போகும் முன் சொன்னது: "குன்றையும் காணோம், கடலையும் காணோம்."

இரண்டாம் நாள், வெள்ளி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அக்கா படித்துவிட்டுக் காலையிலேயே திட்டினாள். காத்தோங் முழுக்க நிரப்பிய நிலம் இல்லை. மரின் பரேட் ரோட்டுக்குக் கடல் பக்கம் இருப்பதுதான் புதுசு. உள்பக்கம், ஈஸ்ட் கோஸ்ட் ரோடும் ஜூ சியாட்டும், அசல் பழைய நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தென்னந்தோப்புகள் இருந்தன. பிறகு பணக்காரர்கள் வந்து கடலைப் பார்த்து பங்களா கட்டினார்கள். காத்தோங் என்பது ஒரு வகைக் கடலாமையின் பெயர் என்று சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை என்பதால் முதலில் கோயில். சிலோன் ரோட்டில் இருக்கிற ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம். 1850-களில் இங்கே ஒரு குளக்கரையில், செண்பக மரத்தடியில் பிள்ளையார் சிலை கிடைத்ததாம். எதிர்நாயகம் பிள்ளை என்பவர் ஓலைக்கொட்டகை போட்டு அங்கேயே வைத்துக் கும்பிட்டார். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் கோயிலை எடுத்து வளர்த்தார்கள். போர்க்காலத்தில் குண்டு விழுந்து சேதமாகி, திரும்பக் கட்டி, இப்போது இருக்கிற ராஜகோபுரத்தோடு 2003-இல் கும்பாபிஷேகம். கோபுரம் 21 மீட்டர். சுற்றிலும் தரை வீடுகள் என்பதால் தெரு முனையிலேயே நம்மைப் பார்த்துவிடுகிறது. குளம் இப்போது இல்லை. செண்பகம் பெயரில் இருக்கிறது.

கோயிலில் அம்மாவுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளைப் புடவை, கையில் குடை. பேத்தியிடம் சரளமாக ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தவர், அம்மாவின் தமிழ் காதில் விழுந்ததும் திரும்பி, "நீங்கள் எவடம்?" என்று கேட்டார். அம்மாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. எந்த ஊர் என்று கேட்கிறார். அப்புறம் இரண்டு பேரும் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவருடைய ஐயா ரயில்வேயில் கிளாக்காக இருந்தவராம். "முந்தி எங்கட வீட்டுக்கு அங்கால கடல். பள்ளிக்கூடம் விட்டு வந்தா நேர தண்ணிக்குள்ள போயிருவம். பிறகு ஒரு நாள் லொறி லொறியா மண் வந்தது."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு "அடடா" என்றார். வேறு எதற்கும் அவர் அப்படி அடடா போட்டு நான் பார்த்ததில்லை.

கோயிலிலிருந்து வெளியே வந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் பெரிய சாலையில் ஒரு பழைய காபிக்கடை. கரி அடுப்பில் சுட்ட பன்னில் வெண்ணெயும் காயாவும் தடவித் தருகிறார்கள். காயா என்பது தேங்காய்ப்பால், சர்க்கரை, ரம்பை இலை போட்டுக் கிண்டிய ஒரு கூழ். அம்மா ஒன்றரை பன் சாப்பிட்டபிறகுதான் என் அக்கா மகள் "அம்மாச்சி, அதுல முட்டை இருக்கு" என்றாள். வெள்ளிக்கிழமை. மேசையில் கொஞ்ச நேரம் அமைதி. "பிள்ளையாரைப் பார்த்துட்டுத்தான வந்தேன், அவரு கணக்கு வச்சிக்க மாட்டாரு" என்று மிச்ச அரையையும் முடித்தார்.

அடுத்து ஜூ சியாட் ரோடு. சூ ஜூ சியாட் என்ற சீனர் பெயர். 1877-இல் சீனாவிலிருந்து வந்து, வியாபாரத்தில் சம்பாதித்து, இந்தப் பக்கம் நிலமாக வாங்கிக் குவித்தவர். 1917-இல் இந்தச் சாலைக்கு இடம் கொடுத்தார், சாலைக்கு அவர் பெயரே விழுந்தது. இந்தப் பகுதியைத்தான் 2011-இல் சிங்கப்பூரின் முதல் மரபுடைமை நகர் என்று அறிவித்தார்கள். அறிவித்ததனால் கண்ணாடிக்குள் வைத்துவிடவில்லை. கீழே தச்சுப்பட்டறை, வியட்நாம் சாப்பாட்டுக் கடை, சலவைக்கடை. மாடியில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாக ஐந்தடிப் பாதை. மழைக்கும் வெயிலுக்கும் ஊருக்கே சேர்த்துப் போட்ட திண்ணை என்று சொல்லலாம், உட்காரத்தான் முடியாது.

கூன் செங் ரோட்டு வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1920-களில் கட்டிய இரண்டு மாடி வரிசை வீடுகள், தெருவின் இருபுறமும். ஒரு வீடு புதினாப் பச்சை, அடுத்தது ரோஸ், அதற்கடுத்தது மஞ்சள். எல்லோரும் வண்ணத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். நீங்கள் இடுப்பு உயரத்தில் பாருங்கள். முகப்புச் சுவரில் பூ ஓடுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான், பூவிதழ் சுவரிலிருந்து கொஞ்சம் புடைத்து நிற்கும். விரல் வைத்தால் மேடு பள்ளம் தெரியும் (வைக்கக் கூடாது, வைத்தேன்). இங்கிலாந்து, பெல்ஜியம், ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவை. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் பார்த்த அதே வகை. அப்புறம் கதவு. பெரிய கதவுக்கு முன்னால் மார்பளவு உயரத்தில் ஒரு அரைக்கதவு, மரச் செதுக்கலோடு. பிந்து பாகார் என்கிறார்கள். பெரிய கதவைத் திறந்து வைத்து இதை மட்டும் சாத்தினால் காற்று வரும், தெருவில் போகிறவர் கண் வராது. ஏசி இல்லாத காலத்து மூளை.

இவை பெரனக்கான் மக்களின் வீடுகள். தலைமுறைகளுக்கு முன் மலாய் மண்ணுக்கு வந்த சீன வணிகர்கள், இங்கேயே பெண் எடுத்து, மலாய் பேசி, சாமி மட்டும் சீனச் சாமியாக வைத்துக்கொண்ட குடும்பங்கள். நம் ஆட்களிலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு, மலாக்கா செட்டிகள்.

வீட்டு வாசற்படியில் ஒரு பெண் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தோழி படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர் சாமான் பையோடு வந்து, ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நின்று காத்திருந்தார். அம்மாவுக்குத் தாங்கவில்லை. "நம்ம வீட்டு வாசல்ல எவளாவது இப்படி ஒக்காந்தா விடுவோமா?" என்று தமிழில் சத்தமாகவே கேட்டார். மொழி புரியாவிட்டாலும் தொனி புரிந்தது போல. அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

மாலையில் மழை. ஊர் மழை மாதிரி இருட்டி, யோசித்து வருவதில்லை. குழாயைத் திறந்தது போல ஊற்றி, இருபது நிமிடத்தில் மூடிவிட்டார்கள்.

மூன்றாம் நாள், சனி

இன்று பிள்ளைகள் நாள். அம்மாவுக்கும்.

மரின் பரேடிலிருந்து விரைவுச்சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. ஈரமும் சைக்கிள் மணிச் சத்தமுமாக அதில் நடந்து மறுபக்கம் ஏறினால் மரங்கள், புல், அதைத் தாண்டி மணல், மணலுக்கப்பால் ஒருவழியாகக் கடல். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக நடந்தார். கணுக்கால் தண்ணீரில் நின்றார். காத்திருந்தார். அலை வரவில்லை. லேசாக ஒன்று வந்து, மணலைத் தொட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டதுபோல் திரும்பியது.

"இது கடலா, குளமா?"

வங்காள விரிகுடாவைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த ஜலசந்தி அப்படித்தான் இருக்கும். ஆனால் தொலைவில் கப்பல்கள். அடிவானம் முழுக்க, பேருந்து நிலையம் மாதிரி, நங்கூரம் போட்டு நிற்கின்றன. மகன் அறுபது வரை எண்ணிவிட்டு அலுத்துப்போனான். இவ்வளவு கப்பலை ஒரே பார்வையில் அம்மாவும் கண்டதில்லை என்பதை அரைமனதோடு ஒப்புக்கொண்டார்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் நிரப்பிய நிலம்தான். கரையோரமாகவே பதினைந்து கிலோமீட்டர். பிள்ளைகளுக்காகப் போன இடம் கோஸ்டல் பிளேகுரோவ். முன்பு பிக் ஸ்பிளாஷ் என்ற நீர்ச்சறுக்குப் பூங்கா இருந்த இடத்தில், 2021-இல் திறந்திருக்கிறார்கள். 16 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம், உள்ளே முழுக்க வலை. ஏறி, தவழ்ந்து, மேலே போய்க் குழாய்ச் சறுக்கில் இறங்க வேண்டும். கட்டணம் கிடையாது. மகனுக்குத் துணை என்று நானும் ஏறினேன். இரண்டாவது அடுக்கில் வலையில் கால் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் கிடந்தேன். ஐந்து வயது இருக்கும், ஒரு சீனக் குழந்தை என் முதுகின்மேல் ஏறிக் கடந்து போனது. கீழே என் மனைவி படம் எடுத்துக்கொண்டிருந்தாள், உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு: காலை எட்டரைக்குள் வந்துவிடுங்கள். பத்து மணிக்குமேல் சறுக்குக்கு வரிசை, வெயில் வேறு. மாற்றுத் துணி கட்டாயம், பக்கத்திலேயே தண்ணீர் விளையாட்டும் இருக்கிறது.

மதியம் திரும்ப ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுக்கு வந்து லக்சா. காத்தோங் லக்சாவில் சேமியா போல் நீளமாக இழுக்க ஒன்றும் இருக்காது. தடித்த அரிசி நூடுல்சைத் துண்டு துண்டாக வெட்டித்தான் போடுவார்கள், கரண்டி மட்டும் கொடுப்பார்கள், குச்சி கிடையாது. தேங்காய்ப்பால் குழம்பு, காய்ந்த இறால் வாசம், மேலே பொடியாக நறுக்கிய லக்சா இலை. அந்த இலை வாசத்துக்கு நம்மிடம் ஒப்புச்சொல்ல ஒன்றும் இல்லை. கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் காரம். அம்மா ஒரு கரண்டி எடுத்தார், கண்ணை மூடினார். "இடியாப்பத்தைத் தடியாப் புழிஞ்சு, வெட்டி, தேங்காப்பால் ஊத்துன இறால் குழம்புல போட்டிருக்கான். கொஞ்சம் புளி விட்டிருக்கலாம்." கிண்ணம் காலி.

சாயங்காலம் மறுபடி கடற்கரை, வாடகைக்கு நாலு சக்கரச் சைக்கிள் ஒன்று. திருப்புகிற பொறுப்பை மகனிடம் கொடுத்தது என் தப்பு. புதரில் ஒரு முறை, குப்பைத்தொட்டியில் ஒரு முறை. பூங்கா உணவங்காடியில் சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) சாப்பிட்டோம், எண்ணிக்கை கேட்காதீர்கள்.

இருட்டும்போது கப்பல்களில் விளக்கெரிந்தது. அத்தான் இன்னொரு செய்தி சொன்னார். இந்தக் கரைக்கு முன்னால், கடலுக்குள், மறுபடியும் நிலம் எழுப்பப் போகிறார்கள். 'லாங் ஐலண்ட்' என்று பெயர், சுமார் 800 ஹெக்டேர். 2023-இல் அரசு திட்டத்தை வெளியிட்டது. கடல்மட்டம் உயர்ந்தால் இந்தத் தாழ்வான கரைக்கு அது அணை, நடுவில் நன்னீர்த் தேக்கம் ஒன்றும் கிடைக்கும். காரணம் நியாயமானதுதான். அம்மா விளக்குகளைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நான் இன்னிக்குக் கால் நனைச்ச இடம்?" என்று கேட்டார். அத்தானிடம் அதற்குப் பதில் இருந்திருக்கும். சொல்லவில்லை.

நான்காம் நாள், ஞாயிறு

காலையில் காத்தோங் பூங்கா. சின்னப் பூங்கா, பெரிய மரங்கள், நாயோடு நடப்பவர்கள். அடியில் ஒரு கோட்டை புதைந்து கிடக்கிறது. 1879-இல் பிரிட்டிஷார் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களைக் காவல் காக்கக் கட்டினார்கள், 1901-இல் பயனில்லை என்று கைவிட்டார்கள். 2004-இல் தொல்லியல் ஆட்கள் தோண்டிப் பார்த்துப் படமெடுத்துவிட்டு, பாதுகாப்புக்காகத் திரும்ப மூடிவிட்டார்கள். பார்க்க அதிகமில்லை. மகன் "கோட்டை எங்கே?" என்று கேட்க, இந்தத் தடவை அம்மாவே அவனுக்குப் பதில் சொன்னார்: "கால்ல பாரு."

தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் தடத்தில் 2024 ஜூனில் திறந்த பகுதியில் காத்தோங் பூங்காவுக்கும் மரின் பரேடுக்கும் தனித்தனி நிலையங்கள் இருக்கின்றன. வெயிலில் அலையாமல் இரண்டு நிறுத்தத்தில் திரும்பிவிட்டோம்.

பிறகுதான் அத்தான் நான்கு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த இடத்துக்குக் கூட்டிப் போனார். ஸ்டில் ரோடு சவுத், ஆறு வழியில் கார்கள் பறக்கிற சாலை. அதன் ஓரத்தில், வேலிக்கப்பால், வெள்ளையடித்த ஒரு பழைய மாளிகை. வளைவு வளைவாக வராந்தா, தூண்கள், தலைப்பில் சுதை வேலை. இப்போது பாலர் பள்ளி. ஞாயிறு என்பதால் கேட் பூட்டியிருந்தது.

"அத்தை, இந்த வீட்டுப் பேரு காரைக்கால் மஹால்."

அம்மா திரும்பி அத்தானைப் பார்த்த பார்வையில், கேலி செய்கிறாரா என்ற சந்தேகம் இருந்தது. கேலி இல்லை. மூனா காதர் சுல்தான் என்ற காரைக்கால் வணிகர் 1917 முதல் 1920 வரை கட்டிய கடற்கரை பங்களா இது. மாட்டு வியாபாரம். சிங்கப்பூரில் கால்நடை ராஜா என்று பட்டப்பெயர் எடுக்கும் அளவுக்கு வியாபாரம். அந்த 'மூனா'வைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் எழுதி எழுதி ஏதோ முதல் பெயர்போல ஆகிவிட்டது. என் காதுக்கு அது நம் கடைகளில் சொல்கிற ஆவன்னா, மூனா மாதிரி விலாச எழுத்தாகத்தான் கேட்கிறது.

1947-இல் வீடு கைமாறி, கிராண்ட் ஹோட்டல் ஆனது. பிறகு கடல் போனது. 1970-களில் ஸ்டில் ரோட்டைப் புது நிலம்வரை நீட்டியபோது சாலை வளாகத்தின் நடுவில் புகுந்தது. மாளிகையின் ஒரு பகுதி சாலைக்கு இந்தப் பக்கம், இன்னொன்று எதிர்ப்பக்கம். நடுவில் சிக்னல்.

பிள்ளைகள் நிழல் தேடி நின்றார்கள். என் மனைவி தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அம்மா மட்டும் வேலியோரமாக நடந்து போய் வராந்தாவைப் பார்த்தார், திரும்பிச் சாலையைப் பார்த்தார், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று அண்ணாந்து பார்த்தார். கைகாட்டி, "அந்தப் பக்கந்தான் வாசலா இருந்திருக்கும். கடக்காத்து அங்கேருந்துதான அடிச்சிருக்கும்" என்றார். அவர் காட்டிய திசை தெற்கு. மரங்களும் அடுக்குமாடிகளும் தாண்டி, நேற்று நாங்கள் நின்ற கரை இருக்கிற திசை.

"காரைக்கால்ல எந்தத் தெருக்காரரோ" என்று இரண்டு தடவை சொன்னார். கேட்டுச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

திரும்பும் வழியில் ஹெய்க் ரோட்டில் புத்து பிரிங் வாங்கினோம். பேரைக் கேட்டதுமே புரிந்திருக்கும், புட்டுதான். அரிசிமாவைச் சின்ன அச்சில் வைத்து, நடுவில் கருப்பட்டிபோல் ஒரு தென்னஞ்சர்க்கரை, மேலே துணி சுற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். உப்புத் தேங்காய்ப்பூவோடு சூடாகத் தருகிறார்கள். கடித்தால் சர்க்கரை இளகி வாயைச் சுடும். மகன் சட்டையெல்லாம் பாகு. "அப்பாயி, இது நம்ம ஊர் புட்டா, அவங்க ஊர் புட்டா?" என்று அவன் கேட்க, அம்மா "வாயில இருக்கறப்ப பேசாத" என்றார்.

நாளை இரவு விமானம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா கூடத்தில் உட்கார்ந்து பட்டினத்துச் சித்தியோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கிறார். "ஆமாடி, நம்ம காரைக்கால் பேருலயே ஒரு பங்களா. எம்மாம் பெரிசு தெரியுமா? ஆமா, கடலுக்குப் பக்கத்துலதான். கடலைத்தான் கொஞ்சம் தள்ளி வச்சிருக்காங்க." சித்தி ஏதோ கேட்டிருக்கிறார். காட்டுகிறேன் இரு என்று அம்மா ஃபோனைத் தூக்கிக்கொண்டு சன்னலுக்குப் போனார். எதிர் புளோக்கில் துணி காய்ந்துகொண்டிருந்தது.